நீல மருந்து

கண்ணாடித் தொட்டியில் இருந்த கறுப்பு மோலி மீனின் முதுகில், உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் வந்தன.

"அத்தை, உடம்பெல்லாம் அரிக்குது. வீட்டுக்காரர் பார்த்தா மருந்து ஊத்துவாரு" என்றது மோலி.

தங்கமீனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஊத்தினா தண்ணியெல்லாம் நீலமாயிடும்டி! பக்கத்து பாட்டில்ல இருக்கிற ஃபைட்டர் மீன் பார்த்தா என்ன நினைக்கும்? நம்ம தொட்டி மானம் என்னாகிறது? அவர் வரும்போது அந்தப் பிளாஸ்டிக் கோட்டைக்குப் பின்னால போய் நின்னுக்கோ."

வாரம் முடிவதற்குள் புள்ளி எல்லா மீன்களுக்கும் வந்துவிட்டது. வீட்டுக்காரர் தீனி போட வந்தால், அந்தக் கோட்டைக்குப் பின்னால் நிற்க இடம் போதவில்லை.

ஒருநாள் ஃபைட்டரின் பாட்டில் நீலமாக இருந்தது. எல்லா மீன்களும் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டின.

நாலைந்து நாளில் அங்கே தண்ணீர் மாற்றினார்கள். ஃபைட்டர் வாலை விரித்துக்கொண்டு சுற்றி வந்தது.

"என்ன ஆட்டம் ஆடி என்ன? சீக்குன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சே" என்றது தங்கமீன். "நம்ம தண்ணியைப் பாரு மோலி, எப்படிப் பளிங்கு மாதிரி இருக்கு!"

மோலி மல்லாந்தபடி மெல்ல மேலே மிதந்துபோய்க்கொண்டிருந்தது.

"அடியே, கீழே இறங்குடி!" என்று பதறியது தங்கமீன். "அந்த ஃபைட்டர் பார்க்குது!"