பெத்தவ வந்து சொல்லட்டும்

மனைவி லெம்பி காபியை மேஜைவிரிப்பில் சிந்தினாள். எதிரணிப் பையன் ஒருவனுக்கு உதடு கிழிந்ததற்கா இவளுக்கு இந்தப் பதற்றம் என்று உர்ஹோ நிஸ்கலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மினசோட்டாவின் வடகோடியில், ஆற்றங்கரையில் இருந்தது அந்தக் கல்லூரி. இந்தக் கரை அமெரிக்கா, அந்தக் கரை கனடா. 1953 மார்ச். சாயங்காலம் கல்லூரிகளுக்கான ஐஸ் ஹாக்கி சாம்பியன்ஷிப்பின் இறுதிப் போட்டி. மதியம் இரண்டு அணிக்கும், பையன்களின் அம்மா அப்பாக்களுக்கும் சேர்த்து விருந்து. எந்தப் புண்ணியவான் கொடுத்த யோசனையோ!

"பல்லு இருக்கறப்பவே தின்னுக்கங்கடா" என்றது உள்ளூர் மேஜை. "போன வருஷம் அழுத மூஞ்சிங்கதானே இது?" என்றது வெளியூர் மேஜை. உருளைக்கிழங்குத் தட்டு பறந்தது. அப்போது கிழிந்ததுதான் அந்த உதடு.

போன வருடம் உள்ளூர் அணி கோப்பையை இந்த வெளியூர் அணியிடம்தான் பறிகொடுத்தது. அதுவும் அந்த அணியிலிருந்த மூன்று கனடாப் பையன்களால். இந்த வருடம் உர்ஹோவின் ஒரே மகன் ரெய்னோ கேப்டன். அவனுக்குப் படிப்பு முடிகிறது, இதை விட்டால் வேறு வாய்ப்பு கிடையாது. அவன் கையில் கோப்பையைப் பார்த்தே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றார் அப்பா.

உர்ஹோ எழுந்தார். மரம் அறுக்கும் மில்லின் முதலாளி அவர். ஆட்ட அரங்கின் கூரையும் பெஞ்சுகளும் அவர் தந்த மரம். அவர் எழுந்தால் கல்லூரி டீனும் எழுந்துவிடுவார்.

"டீன் சார், இது நம்ம நாட்டுக் கோப்பை. இந்த மண்ணுல பொறந்தவன்தான் இன்னைக்கு ஆடணும். அந்தக் கரைக்காரன் ஒருத்தன் ஐஸ்ல கால் வச்சாலும் சரி, கூரையைப் பிரிச்சுக்கிட்டுப் போயிடுவேன்!"

"யோவ் நிஸ்கலா, பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுய்யா" என்றார் எதிரணி கோச் ஹேடன். "உங்கப்பனே பின்லாந்துல இருந்து கப்பலேறி வந்தவன்தானே?"

"எங்கப்பன் வந்தான். நான் இங்க பொறந்தேன், என் பையனும் இங்க பொறந்தான்!" உர்ஹோ மேஜையைக் குத்தினார். "அவன் பொறந்தப்ப நான் காட்டுல மரம் வெட்டிக்கிட்டு இருந்தேன். பனி விடற வரைக்கும் வீட்டுக்கு வர வழியில்ல. இந்த ஊர்ல அப்ப ஒரு டாக்டர்கூடக் கிடையாது. ஆனாலும் பெத்து எடுத்தாய்யா என் பொண்டாட்டி! எங்க ரத்தம் அப்படி."

லெம்பி அவர் சட்டைக் கையை இழுத்தாள். "ஏங்க, கொஞ்சம் வெளியே வாங்களேன். ஒரு விஷயம் சொல்லணும்."

"எல்லாம் அப்புறம் சொல்லு."

"அப்பா, அவங்களும் ஆடட்டும்பா" என்றான் ரெய்னோ. "ஆடியே ஜெயிச்சுக்கறோம்."

"நீ சும்மா இருடா. போன வருஷம் ஆடிக் கிழிச்சது போதாதா?"

டீன் கூரையை நினைத்துப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கனடாப் பையன்கள் மூவரும் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். மூவரும் நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்தார்கள். போகிற போக்கில் ஒருவன் உர்ஹோவின் காலடியில் காறித் துப்பினான்.

ஹேடன் விடவில்லை. "உங்க பசங்க மட்டும் இங்கதான் பொறந்தாங்கன்னு என்னய்யா நிச்சயம்? அதுக்கும் அத்தாட்சி வேணும்."

உர்ஹோ கடகடவென்று சிரித்தார். "அத்தாட்சி தானே? பெத்தவங்க எல்லாம் இங்கேயே உக்காந்திருக்காங்க. பெத்தவ வந்து பைபிள் மேல கை வச்சுச் சொல்லட்டும். எவளாவது ஒருத்தி இல்லைன்னு சொன்னா, அந்தப் பையனை நானே கழுத்தைப் புடிச்சு வெளியே தள்றேன். போதுமா?"

"இத்தனை பேரும் சாட்சி" என்றார் ஹேடன்.

பைபிள் வந்தது. அம்மாக்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். "இங்கதான்." "இங்கதான், எங்க வீட்டு அடுப்படியிலயே." ஒவ்வொரு பதிலுக்கும் உர்ஹோ கைதட்டினார். ஹேடனின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

கடைசியாக மிச்சமிருந்தது லெம்பி. அவள் வாயிலிருந்து பொய் வந்து அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. உர்ஹோவுக்கு அதில் தனிப் பெருமை.

"எந்திரி, போ. சத்தமாச் சொல்லு, கோச் காதுல நல்லா விழட்டும்."

அவள் போய் பைபிள்மேல் கை வைத்தாள். இப்போது அவளிடம் பதற்றம் இல்லை.

"ரெய்னோ எங்கம்மா பொறந்தான்?" என்று கேட்டார் டீன்.

"அன்னைக்கு வலி தாங்கல சார்" என்றாள் லெம்பி, மகனைப் பார்த்தபடி. "நம்ம ஊர்லதான் டாக்டர் இல்லையே. ஆறு நல்லா உறைஞ்சு கிடந்துச்சு."

"சத்தமா!" என்றார் உர்ஹோ, சிரிப்பு மாறாமல்.

லெம்பி சத்தமாகவே சொன்னாள்.

"நடந்தே அந்தக் கரைக்குப் போய்ப் பெத்தேங்க."