ஒரு புள்ளியும் அரை மாத்திரையும்

காலை வெயில் சமையலறை மேடையில் சாய்ந்து விழுகிறது. மருமகள் அங்கேயே மடிக்கணினியில் வீட்டுக் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, போன மாத ரசீதுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறாள். மருந்துக்கடை ரசீதில் 485.0 என்று இருக்கிறது. புள்ளி பளிச்சென்று தெரிகிறது. திரையில் இருப்பதோ, அவள் கைப்பட ஏற்றிய 4850. வங்கியில் நாள் முழுக்கப் பணம் எண்ணுகிறவள். தன் கணக்கு ஒருநாளும் உதைத்ததில்லை என்று சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொள்கிறவள். போன மாதம் இதே இடத்தில் நின்று, வீட்டில் எல்லோர் காதிலும் விழும்படி, "மருந்துச் செலவுதான் கையைக் கடிக்குது" என்று சொன்னதும் அவள்தான். காது மடல் சுடுகிறது. டக்கென்று ஒரு சத்தம். எதிரே மாமனார், காய் நறுக்கும் கத்தியால் ரத்த அழுத்த மாத்திரையை இரண்டாக வெட்டுகிறார். ஒரு பாதி துள்ளி வந்து ரசீதின்மேல் விழுகிறது.

"என்ன மாமா பண்றீங்க?"

"பாதியே போதும்மா. ஒரு மாசமா இப்படித்தான். ஒண்ணும் ஆகலையே."

சிந்திய வெள்ளைத் தூளையும் விரலால் ஒற்றி நாக்கில் வைத்துக்கொள்கிறார். அவள் அவசரமாக அந்தப் பூஜ்யத்தை அழிக்கிறாள். அடியில் மொத்தத் தொகை சட்டென்று இறங்குகிறது. அவர் கண்ணைச் சுருக்கித் திரையை எட்டிப் பார்க்கிறார்.

"செலவு குறைஞ்சிருக்காம்மா?"

"குறைஞ்சிருக்கு மாமா."

"பாத்தியா!" முகமெல்லாம் சிரிப்பாக, ரசீதின்மேல் கிடக்கும் பாதியை எடுத்து, நாளைக்கு என்று டப்பாவில் போட்டு மூடுகிறார்.