யார் சொன்னது?

"இந்த 'நான்' யாரும்மா?"

பேராசிரியர் பட்டாபிராமன் சிவப்புப் பேனாவால் தாளைத் தட்டினார். எதிரே நின்ற ஜாஸ்மினை அவர் உட்காரச் சொல்லவில்லை.

"நான்தான் சார்."

"அது தெரியுது. ஆய்வேட்டுக்குள்ள நீ எதுக்கு வர்றேன்னு கேக்கறேன். 'ஆய்வாளர் கருதுகிறார்'னு எழுதணும். அதுவும் சும்மா சும்மா கருதக் கூடாது. முதல்ல பட்டம் வாங்கு. அப்புறம் ஆசை தீரக் கருதிக்கோ."

பக்கத்து மேசையில் இருந்த இளமாறன் சிரித்தான். அவனும் அவரிடம்தான் ஆய்வு செய்கிறான். அவனுடைய முந்நூற்று நாற்பது பக்கங்களில் அவனாக எழுதியது ஒரு வரிகூடக் கிடையாது. அதனாலேயே பேராசிரியருக்கு அவன்மேல் தனிப் பிரியம்.

ஜாஸ்மினின் தலைப்பு, 'தென்சென்னைப் புறநகர்ச் சந்தைகளில் பெண் வணிகர்கள்.' நான்கு வருட உழைப்பு. தாம்பரத்தில் டியூஷன் எடுத்துக்கொண்டே எழுதியது.

பேராசிரியர் ஒரு பக்கத்தைப் புரட்டி உரக்கப் படித்தார். "'பேரம் பேசாமல் வாங்கிப் போகிறவர் மறுவாரம் வருவதில்லை. பேரம் பேசி, திட்டிவிட்டுப் போகிறவரே திரும்பி வருகிறார்.' யார் சொன்னது?"

"எனக்குத் தெரியும் சார்."

"உனக்குத் தெரிஞ்சா அது ஆதாரமா? நீ என்ன பேரறிஞரா, இல்ல சந்தையில கடை போட்டு உக்காந்திருக்கியா? ரெண்டும் கிடையாது. யார் சொன்னாங்க, எந்த வருஷம் சொன்னாங்க, அடிக்குறிப்பு போடு. முடியலையா, எடுத்துடு."

அவரே எடுத்தார். பதினோரு பக்கங்களில் மூலைக்கு மூலை சிவப்புக் கோடு.

"ஜூன் மாசம் உன் பதிவு முடியுது. இப்படியே திரும்பக் கொண்டுவந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஜாஸ்மின் தாள்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். ரயில் ஏறும்வரை அழவில்லை.

ஆறு வாரம் கழித்து அதே இயலைத் திரும்பக் கொண்டுபோனாள். இம்முறை 'நான்' என்ற சொல் எங்கேயும் இல்லை. பேராசிரியர் அடித்த வரிகள் மேற்கோள் குறிகளுக்குள் இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்ன எண். கீழே அடிக்குறிப்பு: கு. ஞானம், 2006.

படிக்கப் படிக்கப் பேராசிரியரின் முகம் மலர்ந்தது.

"உக்காரும்மா" என்றார். "இதைக் கேளு. 'பேரம் பேசாமல் வாங்கிப் போகிறவர் மறுவாரம் வருவதில்லை.' ஆகா! எப்பேர்ப்பட்ட கவனிப்பு! முப்பது வருஷம் களத்துல கிடந்தவரால மட்டும்தான் இப்படிச் சொல்ல முடியும்."

ஒரு காற்புள்ளிகூட மாறாத வரி. அதை அடித்த பேனா அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

"சொந்தக் குரல்னு சொல்றோமே, அது இதுதான். ஞானத்துகிட்ட இருக்கு. உங்கிட்ட இல்ல. தப்பா நினைச்சுக்காத, சில பேருக்குத்தான் அது வாய்க்கும்."

"சரிங்க சார்" என்றாள் ஜாஸ்மின்.

வராந்தாவில் இளமாறன் வழிமறித்தான். "யாரு ஜாஸ்மின் அந்த ஞானம்? லைப்ரரி பூரா தேடிட்டேன், ஒரு புக்கு இல்ல. நீயா கெளப்பிவுட்டியா? மாட்டுனா பதிவே கேன்சலு, தெரியுமில்ல?"

"நான் ஒண்ணும் கிளப்பிவிடல."

"அப்ப எந்த காலேஜு, சொல்லு?"

அவள் படியிறங்கிப் போய்விட்டாள். இளமாறனுக்குச் சந்தேகம் தீரவில்லை. ஆனாலும் பேராசிரியருக்குப் பிடித்த பெயராயிற்றே. அன்று மாலையே தன் ஆய்வேட்டிலும் இரண்டு இடங்களில் கு. ஞானத்தைச் சேர்த்துவிட்டான்.

அடுத்த மாதம் துறைக் கூட்டம். ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் நிறைந்த அறையில், கருத்தரங்கில் சிறப்புரை ஆற்ற யாரை அழைக்கலாம் என்று துறைத் தலைவர் சாராள் கேட்டார்.

"கு. ஞானம்" என்றார் பட்டாபிராமன் சட்டென்று.

"யார் சார் அது? கேள்விப்பட்டதில்லையே."

"என்ன மேடம், ஞானத்தைத் தெரியாதா? எனக்கு ரொம்ப வருஷப் பழக்கம். மதுரைக் கருத்தரங்குல என் பக்கத்து நாற்காலிதான். என் கட்டுரையைக் கேட்டுட்டு, 'அசத்திட்டீங்க பட்டாபி'ன்னு மனுஷன் என் கையைப் பிடிச்சுக் குலுக்கு குலுக்குன்னு குலுக்கிட்டார்."

இளமாறன் வேகமாகத் தலையாட்டினான். "பெரிய ஆளு மேடம். நான்கூட மேற்கோள் காட்டியிருக்கேன்."

"அப்போ முடிவு பண்ணிடலாம். வர்ற மாசம் ரெண்டாவது வெள்ளிக்கிழமை" என்று குறித்துக்கொண்டார் சாராள்.

"கார் அனுப்பிடலாம் மேடம். ஜாஸ்மின், அவர் போன் நம்பர் எங்கேயோ வெச்சுட்டேன், உங்கிட்ட இருக்குமே?" என்று திரும்பினார் பட்டாபிராமன்.

அறை முழுவதும் அவளைப் பார்த்தது. ஜாஸ்மின் எழுந்து நின்றாள்.

"இருக்கு சார். ஆனா வெள்ளிக்கிழமை அவங்களால வர முடியாது. பல்லாவரம் சந்தையில எங்கம்மா காய்க்கடை போடற நாள் அது."