மூன்றாவது அருவி

காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது, அக்கா பத்தடி மேலே நின்றாள்.

"அந்தப் பாறை வழுக்கும்னு சொல்லுங்க."

அவளிடம் சொல்லவில்லை. வழிகாட்டி ஈச்சனிடம் சொன்னாள்.

ஈச்சன் திரும்பினார். "பாறை வழுக்குமாம்."

"எனக்கும் கண்ணு இருக்குன்னு சொல்லுங்க," என்றாள் அவள்.

"அவங்களுக்கும் கண்ணு இருக்காம்."

நேற்று ஏறத் தொடங்கியதிலிருந்து இப்படித்தான். ஊரிலும் மூன்று வருடமாக இப்படித்தான். அங்கே இந்த வேலையை அக்கா மகள் பார்த்தாள். மலையேறும் அனுமதிச் சீட்டுக்கு இருவர் பெயரையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்ததும் அந்தப் பெண்தான்.

ஈச்சன் மூட்டையை இறக்கி மூச்சு வாங்கினார். "சாமான் மட்டுந்தான் தூக்கணும்னு சொன்னாங்க. உங்க பேச்சையும் சேத்துல்லா தூக்க வேண்டியிருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முதுகு குலுங்கிய மாதிரி இருந்தது. ஏறியதால்கூட இருக்கலாம்.

மூன்று வருடத்துக்கு முன்னால், அம்மாவைத் தூக்கும் நேரத்துக்குத்தான் அக்கா வந்து சேர்ந்தாள்.

"எனக்கு ஏன்ட்டி முன்னாடியே சொல்லல?"

"அம்மாவுக்கு நினைவே இல்ல. யாரையும் கேக்கல."

நேருக்கு நேர் பேசியது அதோடு சரி.

முதல் அருவியை நேற்றே பார்த்தார்கள். எதிர்மலையில், சத்தமில்லாமல், ஒற்றை நரைமுடி ஒட்டிக்கிடப்பதுபோல.

இரண்டாவது, இன்று காலையில். குளிக்கலாம் என்றார் ஈச்சன். அக்கா குளித்து முடிக்கும்வரை அவள் மரத்தடியில் இருந்தாள். அவள் குளித்து முடிக்கும்வரை அக்கா இருந்தாள்.

மூன்றாவது, பார்க்கும் முன்பே வந்துவிட்டது.

முதலில் உள்ளங்காலுக்கு. தரை அதிர்ந்தது.

பிறகு காற்று. ஈரமாக, முகத்தில் அறைந்தது.

வளைவு திரும்பினார்கள்.

மலை இல்லை. வானம் இல்லை. தண்ணீர்.

உச்சி தெரியவில்லை. மேகத்துக்குள்ளிருந்து விழுந்தது. விழுந்தது என்றும் சொல்ல முடியாது. விழுந்துகொண்டே அங்கேயே நின்றது.

தண்ணீரில் ஒரு திரளைக் கண்ணால் பிடித்தாள். அதோடு கூடவே கீழே இறங்கினாள். எவ்வளவு நேரம் அது வந்துகொண்டே இருந்தது! இன்னொன்று. இன்னொன்று.

கண்ணைத் திருப்பினாள். பக்கத்துப் பாறை மெல்ல மேலே ஏறுவதுபோலத் தெரிந்தது.

கும்பிடத் தோன்றியது. கை எழவில்லை.

அக்காவும் வாய் திறந்தபடி நின்றாள். நரைத்த தலை நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. அப்படியே அம்மாவின் முகம்.

ஈச்சன் என்னவோ கத்தினார். உதடு மட்டும் அசைந்தது. தன் இரண்டு கைகளையும் கோத்துக் காட்டினார்.

அருவிக்கு அடியில் ஓரடி அகலத்தில் பாறைத் தடம். கையைப் பிடித்துக்கொண்டுதான் கடக்க வேண்டும்.

அக்கா கையை நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவள் பிடித்தாள்.

நடுத்தடத்தில், சாரல் கண்ணை மறைத்த இடத்தில், வேறெந்தச் சத்தத்துக்கும் இடமில்லாத இடத்தில், அவள் வாயைத் திறந்தாள்.

"அக்கா. நினைவில்லன்னு சொன்னது பொய். அம்மா கடைசி மூணு நாளும் உன்னையத்தான் கேட்டா. நாந்தான் போன் பண்ணல. ஏழு வருசம் பாத்தது நானு. கேட்டது உன்னைய."

அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

மீதித் தடத்தைக் கால் தானாகவே கடந்தது.

அடுத்த வளைவில் காது திறந்துகொண்டது. அவ்வளவு பெரிய இரைச்சலும் மலைக்குப் பின்னால் போயிருந்தது. எங்கோ ஒரு குருவி. இலையிலிருந்து சொட்டு.

ஈச்சன் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பி நின்றார். யாராவது எதையாவது சொன்னால் வாங்கி அந்தப் பக்கம் கொடுக்கக் காத்திருந்தார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. பிடித்த கையையும் விடவில்லை.

"ஏட்டி. அங்க வச்சு என்னமோ சொன்னியே."

அவள் தரையைப் பார்த்தாள்.

"இங்க வச்சுச் சொல்லு."

ஈச்சன் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பேச்சுக் கேட்காத தூரத்துக்கு நடந்தார்.