நாற்பத்தொரு முறை

“நான் காட்டிய முடிவு தவறு. தவறுக்கு நானே பொறுப்பு.” எழுதிக் கையெழுத்துப் போட்டு, கடிதத்தைப் பேராசிரியர் கைலாசத்திடம் நீட்டினாள் அறிவுச்செல்வி.

“‘பொய்’னு எழுதச் சொல்லாம ‘தவறு’ன்னு எழுதச் சொன்னேன் பாரு, அதுக்கே நீ நன்றி சொல்லணும்மா.” பெரிய மனசுதான் அவருக்கு. அவள் கண்ணெதிரிலேயே அதைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியும் விட்டார். நாலு வருட ஆராய்ச்சி அத்தோடு சரி.

காசநோய் மருந்து ஒன்றையும் ஓர் அமிலத்தையும் ஒரே படிகமாக்க வேண்டும். அப்போதுதான் மருந்து உடம்பில் நன்றாகக் கரையும். இரண்டும் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து நிற்க வேண்டும். தண்ணீர் புகுந்தால் அந்தக் கையைத் தட்டிவிடும். அபூர்வமாக, தானே நடுவில் நின்று இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொள்வதும் உண்டு. ஆனால் ஆய்வகத்தில் எல்லாருக்கும் தண்ணீர் என்றாலே ஆகாது.

போன ஆடி மாதம் ஒரே ஒரு தடவை படிகம் விழுந்தது. எக்ஸ்ரே வரைபடத்தில் அதுவரை யாரும் பார்க்காத கோடுகள்! அவள் அதைப் பொத்திப் பொத்தி உலர்பெட்டியில் வைத்தாள். மறுநாள் பார்த்தால் வெறும் பொடி.

பிறகு நாற்பத்தொரு முறை. குடுவையை ஓவனில் காயவைத்து, ஈரக்காற்றுகூட அண்டாமல் செய்தும் படிகம் விழவே இல்லை. வரைபடத்தை அவளே இட்டுக்கட்டியிருப்பாள் என்று பேச்சு கிளம்பியது. கடைசியில் அவளுக்கே தன்மேல் நம்பிக்கை போய்விட்டது, பாவம்.

இனி நாமக்கல்லில் ஏதாவது விடுதிப் பள்ளியில் வேலை தேட வேண்டியதுதான். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் செல்லமுத்து நின்றிருந்தார். குடுவைகளைக் கழுவிக் காயவைத்துக் கொடுப்பது அவர் வேலை.

“வரேண்ணா.”

“அம்மிணி, ஒண்ணு சொல்லோணுங்க. வைவீங்களோன்னு இத்தன நாளாச் சொல்லாமயே இருந்துட்டனுங்க.”

“இனிமே யாரை வைஞ்சு என்னண்ணா ஆகப்போகுது? சொல்லுங்க.”

செல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டார். “போன ஆடில படிகம் உழுந்துச்சுங்களே, அதுக்கு முந்துன நாள் பூராக் கரண்டு இல்லீங்க.”

“அதுக்கு?”

“குடுவைய ஈரத்தோடதான் குடுத்தனுங்க.”