மணையில் அமர்ந்தவள்

தீபாவளி விடியலில், வெளியூரிலிருந்து வந்திருந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் காத்து நிற்க, வருஷா வருஷம் அவர்கள் தலையில் எண்ணெய் வைக்கும் திலகவதி தானே மணையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னம்மா, நீ உட்கார்ந்துட்ட? எங்களுக்கு யாரு வைக்கிறது?" என்றான் மகன் முகுந்தன்.

"எனக்கு யாருடா வைக்கிறது?"

"பெரியவங்கதானேம்மா சின்னவங்களுக்கு வைக்கணும்."

"எனக்குப் பெரியவங்க எல்லாரும் போய்ச் சேர்ந்தாச்சு. அதுக்காக நான் வறட்டுத் தலையோட நிக்கணுமா?"

"வெந்நீர் ஆறுது ஆச்சி," என்று பேத்தி சிணுங்கினாள்.

"ஆறட்டும்."

முகுந்தன் கிண்ணத்தை எடுத்தான். குனிந்து தலையைக் கொடுத்தே பழகியவன், ஒரு விரல்நுனியை மட்டும் எண்ணெயில் தொட்டு, அவள் உச்சிக்கு மேலே தயங்கினான்.

திலகவதி கொண்டையை அவிழ்த்து முதுகில் பரப்பினாள்.

"சொட்டச் சொட்ட வைடா."