போனில் ஓர் அதட்டல்

"என் பெண்டாட்டியை நானே ஒரு நாளும் அதட்டினதில்லை சார். உங்க ஆபீஸ் பொண்ணு அதட்டியிருக்கு."

அல்சூர் சேஷகிரி, ரிட்டயரான அரசு அதிகாரி. மரியாதை ஒரு பொட்டு குறைந்தாலும் தாங்க மாட்டார். போன மாதம் மதியச் சாப்பாடு முடிந்ததும் நாற்காலியிலிருந்து சரிந்தவர், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய கையோடு ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூமில் வந்து நிற்கிறார். துணைக்கு மருமகன் ஹரிஷ்.

சூப்பர்வைசர் மஞ்சுநாத், அன்று போனை எடுத்த ஷோபாவை அழைத்தார்.

"கூப்பிட்டா கண் திறக்கலை, விட்டு விட்டு குறட்டை விடறார்னு உங்க மிஸஸ் ஜெயலக்ஷ்மி அம்மா சொன்னாங்க சார். அது குறட்டையில்லை, இதயம் நின்னவங்க இழுக்கற மூச்சுன்னு இவதான் கண்டுபிடிச்சா. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் உங்க நெஞ்சை அமுக்க வெச்சதும் இவதான்."

"அதுக்கு நன்றி. அதுக்காக 'அறிவிருக்கா, கையை எடு'ன்னு கத்தறதா? ஸ்பீக்கர்ல பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கு. ஜெயலக்ஷ்மியைக் கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறா."

"விடுங்க மாமா, போலாம்" என்றான் ஹரிஷ். வந்ததிலிருந்து அவன் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

மஞ்சுநாத்துக்கு முகம் சுருங்கியது. எல்லா அழைப்பும் பதிவாகியிருக்கும், இப்போதே போட்டுக் கேட்கலாம், தப்பென்றால் இவளுக்கு இங்கே வேலை இல்லை என்றார்.

"போட வேண்டாம் சார்" என்றாள் ஷோபா அவசரமாக. "கத்தினது நிஜம். மன்னிச்சிடுங்க ஐயா."

சேஷகிரிக்கு அது போதும். வேலையிலெல்லாம் கை வைக்க வேண்டாம், இனிமேல் பார்த்துப் பேசினால் சரி என்று பெருந்தன்மையாகக் கிளம்பினார். ஹரிஷ் அப்பாடா என்று மூச்சு விட்டு, தலை நிமிராமல் பின்னாலேயே போனான்.

மஞ்சுநாத்துக்கு மனசு ஆறவில்லை. ஷோபா அப்படிக் கத்துகிறவள் இல்லை. பதிவைப் போட்டார்.

ஜெயலக்ஷ்மி அழுதுகொண்டே அமுக்கும் சத்தம். நடுவில் ஹரிஷின் குரல்: "இது வலிப்பு அத்தை. நெஞ்சை அமுக்கிக் கொன்னுடாதீங்க, விடுங்க. சாவிக்கொத்தைக் கையில குடுத்தா நின்னுடும்." "என் கையைப் பிடிச்சு இழுக்காதீங்க மாப்பிள்ளை" என்று ஜெயலக்ஷ்மி.

அடுத்த நொடி ஷோபா: "யோவ், அறிவிருக்கா? அவங்க மேலேர்ந்து கையை எடு!"

மஞ்சுநாத் நிமிர்ந்து பார்த்தார். "இதை ஏம்மா அவர்கிட்ட சொல்லலை?"

"மாமனார் உயிரைக் காப்பாத்தியாச்சு. மாப்பிள்ளை மானத்தையும் காப்பாத்திட்டுப் போவோமே சார்."